மலிவு ரம்பத்தை நம்பி மரம் ஏறலாமா?

கருவியும் கையும் – 14

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பொழுது விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த மரங்கள் சாலையிலும் வாய்க்காலிலும் கூரை மேலும் கிடக்க, அறுத்து அப்புறப்படுத்த ஆளும் போதவில்லை, கோடரியும் போதவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும் இதே நிலைதான். மரம் அறுக்கும் மெஷின் ஒன்று சொந்தமாக இருந்தால் தேவலை என்ற எண்ணம் இப்படித்தான் விவசாயி மனதில் விழுகிறது. கடைக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது, பெயர்பெற்ற கம்பெனி மெஷினின் விலையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கும் சைனா மெஷின். பார்க்க அச்சு அசலாக ஒரிஜினல் மாதிரியே இருக்கும்.

வாங்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மெஷினை யார் பிடிக்கப்போகிறார், தரையில் நின்றா கிளையில் நின்றா, வருடத்தில் எத்தனை நாள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும்.

மூன்று வகை நகல்கள்

நம் மக்கள் எல்லாவற்றையும் சேர்த்து "டூப்ளிகேட்" என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை, பெயரைத் திருடுவது. பெரிய கம்பெனியின் ஸ்டிக்கரை அப்படியே ஒட்டியோ, பெயரில் ஓர் எழுத்தை இடம் மாற்றியோ விற்பார்கள். இது மோசடி. விற்பவரே பொய் சொல்லும்போது உள்ளே என்ன உலோகம், என்ன ரப்பர் என்று எதையும் நம்ப முடியாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதைத் தொடக் கூடாது.

இரண்டாவது வகை, குறிப்பிட்ட ஒரு மாடலைத் திருகு திருகாகப் பார்த்துச் செய்துவிட்டு, சொந்தப் பெயரில் விற்பது. காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த அமைப்பை யாரும் செய்யலாம். ஸ்டீல் (Stihl) என்ற ஜெர்மன் கம்பெனியின் எம்.எஸ். 660 என்ற 92 சிசி மெஷினைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படும் நகல்கள் உலகமெங்கும் விற்கின்றன. ஒரிஜினலின் உதிரிபாகம் நகலிலும் பெரும்பாலும் பொருந்தும். அதனாலேயே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மரத்தைப் பலகையாக அறுப்பவர்களில் பலர் இதை வாங்கி, முக்கியமான பாகங்களை மட்டும் ஒரிஜினலாக மாற்றிப் போட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் நகலுக்கு வருவது பெரும்பாலும் பழைய வடிவம்தான் என்பதை மறக்கக் கூடாது. அதே கம்பெனியின் 070 என்ற 106 சிசி மெஷின் இன்றும் நகலாக விற்கிறது. ஓடும் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் வருவதற்கு முந்தைய காலத்து வடிவம் அது. வடிவத்தை நகலெடுக்கும்போது அந்தக் காலத்து ஆபத்தும் கூடவே நகலாகி வருகிறது.

மூன்றாவது வகைதான் நம் ஊரில் அதிகம். 5200, 5800 என்று எண் போட்டு, ஆளுக்கொரு பெயரில், ஆளுக்கொரு நிறத்தில் வரும் மெஷின்கள். பெயர்தான் வேறு வேறு. உள்ளே எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு. 58 சிசி என்றும் 62 சிசி என்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். போர் 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 54.6 சிசிதான் வரும். ஸ்டிக்கரில் ஏறிய சிசி மரத்தை அறுக்காது.

விலைக்குள் என்ன இருக்கிறது

ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கம்பெனி தொடங்கியது 1926-இல். அப்போது அவர் செய்தது இரண்டு ஆள் தூக்கிப் பிடிக்கும் மின்சார ரம்பம். இன்று நாம் பார்க்கும், கொக்கிபோல் வளைந்த பல் கொண்ட செயினை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ். மரத்தைத் துளைத்துச் செல்லும் வண்டுப் புழுவின் தாடை இடமும் வலமுமாக அரிப்பதைக் கவனித்து அதே முறையில் அவர் செய்த செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் மனிதனைக் காப்பாற்றவே வந்தவை. கைக்கு வரும் அதிர்வைத் தாங்கும் அமைப்பு, தானாகவே விழும் செயின் பிரேக் எல்லாம் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகளில் 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் வந்து சேர்ந்தன. காட்டில் வேலை பார்த்தவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போன பிறகு, முகமும் தோளும் கிழிபட்ட பிறகு கற்ற பாடங்கள் அவை.

ஆகவே கூடுதல் விலையில் பாதுகாப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நகல் மெஷினிலும் பிரேக் என்று ஒன்று இருக்கும், ரப்பர் என்று ஒன்று இருக்கும். அவை வேலை செய்கின்றனவா என்று யார் சோதித்தது என்பதில்தான் வித்தியாசம்.

சைலன்சரைக் கழற்றினால் தெரியும்

பட்டுக்கோட்டை பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் மெஷினைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"அண்ணே, வாங்கி ரெண்டு மாசந்தான் ஆவுது. கயிறு இழுத்தா லேசா வருது, ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது."

கயிறு லேசாக வருகிறது என்றாலே கம்ப்ரெஷன் போய்விட்டது என்று அர்த்தம். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைத் தொடவில்லை. சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, புகை வெளியேறும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். பிஸ்டன் தெரிந்தது. வழவழவென்று இருக்க வேண்டிய பக்கத்தில் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள். அலுமினியம் இளகி இழுபட்டு, ரிங்கை அதன் காடியிலேயே ஒட்ட வைத்திருந்தது.

"ஆயில் அளந்துதாண்ணே ஊத்துனேன்" என்றார் இளைஞர், குற்றம் தன் மேல் விழுமோ என்ற பயத்தில்.

"நீ சரியாத்தான் ஊத்தியிருக்க, தம்பி. காத்து வேற வழியில உள்ள போயிருக்கு" என்று சொல்லி, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த ரப்பரை நகத்தால் நெருடிக் காட்டினார். மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு.

இந்த வகை மெஷினின் பெரிய நோய் இதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில் மட்டுமே பிஸ்டனுக்கு மசகு. ரப்பரிலோ கிராங்க் சீலிலோ சிறு கசிவு இருந்தாலும் காற்று கூடுதலாகப் புகும், கலவை மெலியும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். மலிவு ரப்பரும் பெட்ரோல் குழாயும் அதில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். ஒரிஜினலுக்கும் எத்தனால் நல்லதில்லைதான். ஆனால் தரமான ரப்பர் தாங்கும் காலத்தை மலிவு ரப்பர் தாங்காது.

வேறு குறைகளும் உண்டு. சிலிண்டர் உள்பக்கத்துப் பூச்சு சீராக இல்லாமல் உரிந்து வரலாம். காற்று போக வர இருக்கும் ஓட்டைகளின் விளிம்பை மழுக்காமல் விட்டிருப்பார்கள், ரிங் அதில் தட்டி உடையும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையம் கழன்றால் சிலிண்டர் முழுவதும் கீறல். ஒரே லாட்டில் வந்த இரண்டு மெஷினில் ஒன்று வருடக்கணக்கில் உழைக்கும், மற்றொன்று முதல் வாரத்திலேயே நின்றுபோகும். நம் கைக்கு எது வரும் என்பது பெட்டியைப் பிரிக்கும் வரை தெரியாது. நகலின் விலை குறைந்ததற்கு, சரியாகச் சோதிக்காமல் அனுப்புவதும் ஒரு காரணம். தொழிற்சாலை செய்யாமல் விட்ட சோதனையை வாங்கியவர் தன் தோப்பில் செய்ய வேண்டியிருக்கிறது.

மெஷின் நின்றால் நஷ்டம், பிரேக் நிற்காவிட்டால்?

எஞ்சின் கெட்டால் பணத்தோடு போகும். பிரேக் கெட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் வாங்குபவர்கள் யோசிப்பதில்லை.

இந்த மெஷின்களில் வரும் .325 செயின், ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டில், நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 70 கி.மீ. அளவு. பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின்) நுனியில், மேல் கால்பகுதி ஒரு கட்டையிலோ கிளையிலோ பட்டால் செயின் மரத்தைக் கவ்வும். அந்த வேகம் முழுவதும் பாரை மேலே தூக்கி, அறுப்பவரின் முகத்தை நோக்கித் திருப்பிவிடும். கை அதை உணர்வதற்குள் நடந்து முடிந்துவிடும். இதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் செயின் பிரேக்கை இயக்கும் தடுப்பு இருக்கிறது. அது கை பட்டும் விழ வேண்டும், கை படாமல் மெஷின் துள்ளும் வேகத்திலும் தானாக விழ வேண்டும். விழுந்தால் செயின் சராசரியாக 0.12 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முதல் சோதனை, எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்வது. பிரேக்கை விடுவித்து, மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, பாரின் நுனி ஒரு மரக்கட்டைக்கு மேலே ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி வையுங்கள். பின்கைப்பிடியை விடாமல், முன்கைப்பிடியில் இருக்கும் கையை மட்டும் எடுத்துவிடுங்கள். நுனி கட்டையில் விழுந்து அடிக்கும் அந்தக் கணத்தில் தடுப்பு தானாக முன்னே சாய்ந்து "டக்" என்று விழ வேண்டும். விழவில்லை என்றால், துள்ளும்போது அது உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. இரண்டாவது சோதனையில் எஞ்சின் ஓட வேண்டும். மெஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து, ஒரு நொடி முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, இடது மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளுங்கள். செயின் அங்கேயே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே போய் நின்றால் பிரேக் பட்டை சரியில்லை. மூன்றாவதாக, ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் ஓடலாம், செயின் ஓடக் கூடாது. ஐடிலிங்கில் செயின் ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஐடிலிங் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. நகல் மெஷின்களில் இது சாதாரணம். சாதாரணம் என்பதாலேயே அதோடு வேலை பார்ப்பது சரியாகிவிடாது.

கிளையில் நிற்பவரின் கணக்கு

தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடும்போது மெஷின் நின்றுபோனால் கீழே வைத்துவிட்டு யோசிக்கலாம். முப்பது அடி உயரத்தில், ஒரு கிளையில் காலை ஊன்றி, இன்னொரு கிளையைக் கையால் பற்றிக்கொண்டு நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. பாதி அறுத்த கிளை எந்தப் பக்கம் கிழியும் என்று தெரியாமல் தொங்கும்போது மெஷின் அணைந்தால், அவர் அங்கேயே கயிறு இழுக்க வேண்டும். கயிறு இழுக்க இரண்டு கையும் வேண்டும். மரத்தைப் பிடிக்க அவருக்குக் கையே இருக்காது.

இந்த வேலைக்கென்று கைப்பிடி மேலே இருக்கும் சின்ன மெஷின் உண்டு. கயிறும் பெல்ட்டும் கட்டி ஏறத் தெரிந்தவர்களுக்காக, பயிற்சி பெற்றவர்களுக்காகச் செய்தது அது. அதன் 25 சிசி நகல்கள் "சின்னது, லேசானது, யாரும் பிடிக்கலாம்" என்று விளம்பரம் செய்து விற்கப்படுகின்றன. உண்மை நேர்மாறானது. சின்ன மெஷின் துள்ளினால் முகத்துக்கு இன்னும் அருகில் வரும். ஒரு கையால் பிடிக்கத் தூண்டும் அமைப்பு அது, ஒரு கையால் பிடித்தால் துள்ளலைத் தடுக்கவே முடியாது.

என் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். மரத்தில் ஏறிச் செய்யும் வேலைக்கு நகல் மெஷின் வேண்டாம். நல்ல மெஷின் வாங்க வசதி இல்லையென்றால் கை ரம்பத்தோடு ஏறுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் கையை எடுத்தவுடன் நின்றுவிடும் கருவி அது.

விரல்கள் கேட்கும் விலை

உடனே தெரியாத சேதம் ஒன்றும் இருக்கிறது. அதிர்வு. மலிவு மெஷினில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங் சரியான பதத்தில் இருப்பதில்லை. கொஞ்ச நாளில் கிழிந்தும் போகும். ஐரோப்பாவில் 2002-இல் வந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலை நாளுக்குக் கை தாங்கக்கூடிய அதிர்வின் உச்ச வரம்பு 5 மீட்டர்/விநாடி². மெஷினின் அதிர்வு அதைப்போல் இரு மடங்காக, அதாவது 10 ஆக இருந்தால், அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். அப்படி இல்லை, நாலில் ஒன்றாகி 2 மணி நேரத்திலேயே வரம்பு முடிந்துவிடும். அதை மீறி வருடக்கணக்கில் உழைத்தவர்களின் விரல் நுனிகள் குளிரில் வெளுக்கும், மரத்துப்போகும், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போகும். முற்றிவிட்டால் இது குணமாவதில்லை.

அப்படியானால் யார் வாங்கலாம்?

வருடத்தில் சில நாட்கள் மட்டும், தரையில் கிடக்கும் விறகையும் தோப்பில் விழுந்த மட்டை, கிளைகளையும் அறுக்க ஒரு மெஷின் வேண்டும். ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரியும். நின்றுபோனால் அன்றைய வேலையைத் தள்ளிப்போட முடியும். இப்படிப்பட்டவர் சொந்தப் பெயரில் விற்கும் நகல் மெஷினை வாங்குவதில் தவறில்லை. நல்ல செயின் போட்டு, பல்லைச் சரியாகத் தீட்டினால் அதுவும் நன்றாகவே அறுக்கும். கூரான செயின் போட்ட மலிவு மெஷின், மழுங்கிய செயின் போட்ட விலை கூடிய மெஷினை வெல்லும். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் மிச்சமான பணத்தை மிச்சமாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியோடு வரும் செயினைக் கழற்றிவிட்டுத் தரமான செயின் போடுங்கள், முடிந்தால் பாரையும் மாற்றுங்கள். முதல் நாளே எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பரையும் தரமானதாக மாற்றுங்கள். 2டி ஆயிலை மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மெஷினோடு வந்த தாளில் 25-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றிருந்தால் 20 மில்லி என்று அளந்து ஊற்றுங்கள். கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டு மாதக்கணக்கில் மூலையில் வைக்காதீர்கள். ஹெல்மெட், முகத்திரை, காதடைப்பான், பூட்ஸ் இவற்றையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். இத்தனையும் சேர்த்தபின் வரும் தொகைதான் நகல் மெஷினின் உண்மையான விலை. அந்தத் தொகைக்குக் கொஞ்சம் கூடப் போட்டால், நம்பிக்கையான மெக்கானிக் பார்த்துச் சொன்ன பழைய ஒரிஜினல் கிடைக்கலாம். சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைப் பார்க்காமல் பழைய மெஷின் வாங்காதீர்கள்.

மரம் அறுப்பதே தொழில் என்பவருக்கு நகல் கட்டாது. சவுக்குத் தோப்பு ஏலம் எடுத்து, ஆளும் டிராக்டரும் காத்திருக்கும்போது மெஷின் ஒரு நாள் நின்றால், அன்றைய கூலியும் வாடகையும் வீண். அப்படிச் சில நாட்கள் போனாலே மிச்சம் பிடித்த காசு கரைந்துவிடும். சீமைக்கருவேலமும் புளியமரத்து வைரமும் முற்றிய பனையும் மெஷினை நாள் முழுக்க வாட்டும் மரங்கள். அதற்குத் தாங்கும் மெஷின்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்றைக் காண்ட்ராக்டர்களுக்கும் தோப்புச் சொந்தக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். பல இடங்களில் மெஷினை வாங்குபவர் ஒருவர், பிடிப்பவர் வேறொருவர். கடையில் மிச்சப்படுத்திய பணம் வாங்கியவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. பிரேக் விழாத மெஷினும் அதிரும் கைப்பிடியும் கூலிக்கு வந்தவரின் கையில் இருக்கின்றன. அவர் பெரும்பாலும் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. கேட்டால் நாளை வேலை கிடைக்காது. அதனால் கேள்வி வாங்குபவரிடமிருந்து வர வேண்டும். எந்த மெஷினை வாங்கினாலும், மேலே சொன்ன பிரேக் சோதனையை வேலைக்கு வருபவரின் கண்முன்னே செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள். சோதனையில் தேறாத மெஷினை, எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளையிடம் கொடுக்கத் தயங்கும் மெஷினைக் கூலிக்கு வந்தவரிடம் கொடுப்பது நியாயமில்லை.

(அடுத்த வாரம்: செயினின் பல்லை அரம் போட்டுத் தீட்டுவது எப்படி?)